மிஷினைத் திருப்பிப் போட்ட மார்கரெட்... ஒரு துணி யானை உலகம் சுற்றிய கதை!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் ஒரு கட்டைப்பை இருக்கும். பிளவுஸ் தைத்ததுபோக மிஞ்சிய பிட்டுகள், அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் கிழியாமல் தப்பிய முந்தி, எப்போதோ வெட்டி வைத்த பார்டர் துண்டு என எல்லாம் அதற்குள் சுருண்டு கிடக்கும். வாலாஜாபாத்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்திலேயே காஞ்சிபுரம். ஒரு பார்டரை விரித்தால் யானை, மயில், அன்னம், மாங்காய் என்று ஒரு தோப்பே வரிசையாக நடந்துபோகும். தூக்கிப் போட மனசு வராது. என்ன செய்வது என்றும் தெரியாது.

அப்புறம் ஒருநாள், ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு வரும்போது, போனில் ஒரு ரீல்ஸ் கண்ணில் படும். யானை வடிவத்தில் ஒரு குட்டி பர்ஸ். முதுகில் ஜிப், காது மட்டும் தனியாக ஆடும். அட, நாமே தைக்கலாமே என்று தோன்றும். அடுத்த நொடியே, அதற்கெல்லாம் எங்கே நேரம், நமக்கு எங்கே அவ்ளோ வரும் என்று விரல் தானாக அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும்.

இன்றைக்கு மட்டும் தள்ளாதீங்க. அந்த மாதிரி துணி யானைகளுக்கெல்லாம் ஒரு பாட்டி இருக்கிறார். பெயர் மார்கரெட் ஸ்டைஃப். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். நடக்க முடியாதவர். வலது கையும் சொன்னபடி கேட்காது. ஆனாலும், டெடி பியர் என்றாலே உலகம் இன்றும் உச்சரிக்கும் ஸ்டைஃப் என்ற பெயர், அவர் மிச்சத் துணியில் தைத்த ஓர் உள்ளங்கை யானையிலிருந்துதான் தொடங்கியது. முதலில் அவர் கதையைக் கேளுங்க. கடைசியில் நம்ம யானையையும் வெட்டித் தைத்துவிடலாம்.

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல்

1847 ஜூலை 24. தெற்கு ஜெர்மனியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கீங்கன் என்ற ஊரில் மார்கரெட் பிறந்தார். அப்பா கட்டட வேலை மேஸ்திரி. இரண்டு அக்கா, ஒரு தம்பி. நடுவில் மூன்றாவது குழந்தையாக இவர்.

ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கால்கள் திரும்பி வரவில்லை. இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. வலது கையைத் தூக்கினாலே வலி. அது போலியோ என்று பின்னர் தெரிந்தது. போலியோ சொட்டு மருந்து போட்டு வளர்ந்த நமக்கு அந்த நோயின் பயம் பழைய சுவர் விளம்பரத்தோடு முடிந்துபோன விஷயம். அன்றைக்கு அப்படி இல்லை. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இந்தப் பெண்ணை யார் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அவருடைய அம்மாவை விடவேயில்லை.

ஆனால் குழந்தை மார்கரெட் வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. அக்காக்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு கைவண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். வண்டி வாசலில் நின்றதும் ஒருவர் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் உட்காரவைப்பார். தெருவில் விளையாட்டு என்றால் மார்கரெட் நடுவில் இருப்பார். ஓட முடியாதவர், ஓடுகிறவர்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பார்.

1856-ல், ஒன்பது வயதில், லுட்விக்ஸ்பர்க் நகரத்துக்கு அழைத்துப்போய் காலில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன வில்ட்பாட்டில் தங்கி சிகிச்சை. எதுவும் பெரிதாகப் பலிக்கவில்லை. நம் ஊரில் இந்த டாக்டர், அந்த வைத்தியர், இன்னொரு கோயில் என்று அலைவோமில்லையா, அதே அலைச்சல்தான்.

பதினேழு வயது வாக்கில் மார்கரெட் ஒரு முடிவுக்கு வந்தார். குணமாகுமா, ஆகாதா என்ற தேடலே தன் நிம்மதியைத் தின்கிறது என்பதை உணர்ந்தார். இனி அந்த வாசலில் காத்திருப்பதில்லை. இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று மட்டும் பார்க்கத் தொடங்கினார்.

சக்கரம் வலப்பக்கம்... கை இடப்பக்கம்

தையல் பள்ளியில் சேரவேண்டும் என்று அடம்பிடித்தார். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கை ஒத்துழைக்காதபோது ஊசி எப்படிப் பிடிப்பாய் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆரம்பத்தில் தையல் கோணல்மாணலாகத்தான் வந்தது. மார்கரெட் பிரித்துப் பிரித்துத் தைத்தார். சில வருடங்களில் ஊரில் நல்ல தையற்காரி என்று பெயர் வாங்கிவிட்டார். இடையில் ஸிதர் என்ற தந்தி வாத்தியம் கற்றுக்கொண்டு, அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் கொஞ்சம் சம்பாதித்தார்.

அக்காக்கள் இருவரும் வீட்டிலேயே பெண்களுக்குத் துணி தைக்கும் கடை போட்டார்கள். அந்த வீட்டுக்கு ஒரு தையல் மிஷின் வந்தது. கீங்கன் ஊருக்கே அதுதான் முதல் மிஷின் என்பார்கள்.

இங்கேதான் சிக்கல். உங்கள் வீட்டு மிஷினை ஒருமுறை பாருங்க. சக்கரம் எந்தப் பக்கம் இருக்கு? வலப்பக்கம். தையல் தொடங்கும் முன் வலது கையால்தானே ஒரு சுற்று சுற்றிவிடுவோம்? காலால் மிதித்து ஓட்ட மார்கரெட்டால் முடியாது. கையால் சுற்றலாம் என்றால் சக்கரம் இருப்பதோ வலிக்கிற கையின் பக்கம்.

அவர் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. மிஷினைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் முன்னால் வந்தது. சக்கரம் இடது கைக்கு வந்தது. அவ்ளோதான். துணியை எதிர்ப்பக்கமிருந்து தள்ளப் பழகிக்கொண்டு, தைக்கத் தொடங்கிவிட்டார்.

ஃபேக்டரி லைனில் நிற்கிறவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். அங்கே மெஷின் நிற்கும் உயரத்துக்கு நாம்தான் குனிய வேண்டும். அது ஓடும் வேகத்துக்கு நம் கைதான் ஓட வேண்டும். மார்கரெட் தன் வாழ்க்கையில் செய்த முதல் பெரிய வேலை, மிஷினைத் தன் கைக்கு வளைத்ததுதான். யானை, கரடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அளவெடுக்கத் தேவையில்லாத துணி

1874-ல் அப்பா வீட்டைக் கொஞ்சம் மாற்றிக் கட்டி, மகளுக்கென்று ஒரு தையல் அறை ஒதுக்கிக் கொடுத்தார். நம்பிக்கை இல்லாமல் இருந்த அதே அப்பாதான்.

கீங்கனில் அப்போது ஃபெல்ட் ஆலை ஒன்று இருந்தது, சொந்தக்காரர்களுடையது. ஃபெல்ட் தெரியும்தானே? ஸ்கூல் கிராஃப்ட் வேலைக்குக் கடையில் வாங்குவோமே, கம்பளம்போல மெத்தென்று இருக்கும் துணி. அதைத் தறியில் நெய்வதில்லை. கம்பளி இழைகளை ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வைத்துச் செய்வார்கள். நெய்யாத துணி என்பதால் ஒரு பெரிய வசதி உண்டு. எப்படி வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கும் வேலையே இல்லை.

1877-ல் மார்கரெட் ஃபெல்ட்டில் பாவாடை, குழந்தைகளுக்கான கோட்டு என ரெடிமேட் உடைகள் தைத்து விற்கும் கடை தொடங்கினார். வேலை பெருகியது. கூடத் தைக்கப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். முப்பது வயதில், தன் சம்பாத்தியத்தில் நிற்பதோடு மற்ற பெண்களுக்கும் கூலி கொடுக்கும் முதலாளி. யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மா கவலைப்பட்ட அதே பெண்.

பத்திரிகையில் வந்த ஒரு பேட்டர்ன்

1879 டிசம்பரில், ஒரு பெண்கள் ஃபேஷன் பத்திரிகையைப் புரட்டும்போது துணி யானைக்கான பேட்டர்ன் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நீங்க பஸ்ஸில் ரீல்ஸ் பார்த்த மாதிரிதான். யானையை அவர் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிங்க. யாரோ போட்ட படம். அதே பத்திரிகை இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும். பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் கத்தரியை எடுத்தார்.

பாவாடை வெட்டியதுபோக மிஞ்சிய ஃபெல்ட் கைவசம் நிறைய. அதில் யானையை வெட்டி, உள்ளே நல்ல கம்பளியை அடைத்து, தைத்து முடித்தார். எதற்குத் தெரியுமா? குண்டூசி குத்தி வைக்க! தையல்காரர் மேஜையில் இருக்குமே பின் குஷன், அதுதான் அந்த யானைக்கு விதித்திருந்த வேலை. 1880-ல் உறவுக்காரர்களுக்கும் தெரிந்த பெண்களுக்கும் அன்பளிப்பாகத் தைத்துக் கொடுத்தார்.

பெண்கள் வாங்கிப்போனார்கள். வீட்டில் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். குண்டூசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு யானையோடு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பொம்மை என்றால் பெரும்பாலும் மரம், தகரம், பீங்கான். கீழே விழுந்தால் உடையும், மேலே விழுந்தால் வலிக்கும். கட்டிக்கொண்டு தூங்க ஒரு மெத்தென்ற பிராணி கிடைத்தால் பிள்ளை விடுமா?

மார்கரெட் அதைப் புரிந்துகொண்டார். தம்பி ஃபிரிட்ஸ் ஒரு மூட்டை யானைகளைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். 1886-க்குள் 5,000-க்கும் அதிகமான யானைகள் விற்றிருந்தன. யானைக்குப் பின்னால் குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, எலி, நாய், பூனை, முயல், ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு காடே கிளம்பி வந்தது. 1892-ல் படம்போட்ட முதல் விலைப்பட்டியல் அச்சானது. 1893-ல் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை என்று அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறியது. அப்போது அவரிடம் வேலை பார்த்தவர்கள் நான்கு தையல் பெண்கள். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் பத்துப் பேர்.

எவ்வளவு பெரிதானாலும் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. புதிய பொம்மை எதுவானாலும் முதல் மாதிரி அவர் மடிக்கு வர வேண்டும். தையலை இழுத்துப் பார்ப்பார், கண் பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார். குழந்தை கையில் போவதில் இரண்டாம் தரம் கூடாது என்பது அவர் கட்சி.

கண்ணாடி ஃபேக்டரியும் கரடியும்

தம்பி மகன்கள் வளர்ந்து ஒவ்வொருவராக அத்தையின் தொழிலுக்கு வந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் ஸ்டைஃப் ஓவியம் கற்றவர். மிருகக்காட்சி சாலைக்குப் போய் கரடிகளை உட்கார்ந்து வரைவார். 1902-ல் கை, கால், தலை தனித்தனியாகத் திரும்பும் ஒரு கரடியை வடிவமைத்தார். அத்தைக்கு முதலில் தயக்கம். அதற்குப் பிடிக்கும் மொஹேர் துணி விலை அதிகம், விற்குமா என்று யோசித்தார். ஆனாலும் மருமகனைத் தடுக்கவில்லை.

1903-ல் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். முந்தைய வருடம்தான் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையில் கட்டிவைக்கப்பட்ட ஒரு கரடியைச் சுட மறுத்து, அது கார்ட்டூனாகி, ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அவருடைய செல்லப்பெயர் டெடி. நியூயார்க்கிலும் ஒரு தம்பதி அதே சமயத்தில் துணிக் கரடி தைத்து விற்க, டெடி பியர் என்ற பெயர் எல்லாக் கரடிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்டைஃப் கரடிகள் 12,000 விற்றன. போலிகள் கிளம்பியதால், அதே வருடம் தங்கள் பொம்மைகளின் காதில் ஒரு சின்ன உலோகப் பொத்தான் வைக்க ஆரம்பித்தார்கள். இன்றும் அதுதான் அடையாளம்.

இந்த அவசரத்துக்கு நடுவில், 1903-ல், கீங்கனில் இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடிச் சுவராக ஒரு ஃபேக்டரி எழும்பியது. காரணம் அலங்காரமில்லை. தைக்கிற கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். உள்ளே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா, அதற்குக் கன்னிப்பெண்களின் மீன்தொட்டி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் தோழிகளே, வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது புதுப்பழக்கம் இல்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடம் 120 வருடம் தாண்டியும் நிற்கிறது.

1907-ல் மட்டும் 9,74,000 கரடிகள் தைக்கப்பட்டன. ஃபேக்டரியில் 400 பேர், வீட்டிலிருந்தபடி தைத்தவர்கள் 1,800 பேர். ஒரு சின்ன ஊரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து ஊசி பிடித்தால் இவ்வளவு வரும்.

1909 மே 9-ம் தேதி, நிமோனியா காய்ச்சலில் மார்கரெட் இறந்தார். வயது 61. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியேதான் அத்தனையையும் நடத்தினார். இன்று கீங்கனில் அவர் பிறந்த வீடும் இருக்கிறது, பொம்மைகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

இனி உங்கள் யானை

சரி, கட்டைப்பையை வெளியே எடுங்க. மார்கரெட்டின் யானை குண்டூசி சுமந்தது. நம்முடையது பஸ் சில்லறையும் சாவியும் சுமக்கட்டும்.

முதலில் பேப்பர் கட்டிங். பக்கவாட்டில் நிற்கும் யானையை 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரையுங்க. முதுகு நேர்கோடாக இருக்கட்டும், ஜிப் அங்கேதான் வரும். கால் இரண்டு போதும், குண்டாக இருக்கட்டும். தும்பிக்கையும் உங்கள் இரண்டு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. ஒல்லியாக வரைந்தால் தைத்த பிறகு திருப்பவே வராது.

உங்களிடம் இருப்பது பட்டு பிட்டு. ஃபெல்ட் மாதிரி இல்லை, வெட்டின உடனே நூல் பிரியும். அதனால் வெட்டும் முன்பே துணியின் பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைத்து அயர்ன் பண்ணிடுங்க. பிறகு சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்க. இரண்டு பக்கமும் எதிரெதிர் திசையில் பார்க்கிற மாதிரி வெட்டணும். பேட்டர்னைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டு யானையும் ஒரே பக்கம் போகும்!

லைனிங்குக்குத் தும்பிக்கை, கால் எதுவும் வேண்டாம். முதுகு நீளம் மட்டும் ஒன்றாக இருக்கும்படி ஓர் அரைவட்டம் போதும். இல்லாவிட்டால் சில்லறை எல்லாம் தும்பிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காதுகளை முதலில் தைத்து மேல்துணியில் பிடித்துவிடுங்க. பிறகு ஒவ்வொரு பக்கமும் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஜிப்பை வைத்து முதுகுக் கோட்டில் தையல். இப்போது ஜிப்பைப் பாதி திறந்து வைங்க. இதுதான் முக்கியம். மூடியிருந்தால் கடைசியில் திருப்ப வழியே இருக்காது. மேல்துணி இரண்டும் முகத்தோடு முகம், லைனிங் இரண்டும் முகத்தோடு முகம் வைத்து, வாலுக்கு ஒரு நூல் பின்னலை நடுவில் செருகி, சுற்றித் தையுங்க. லைனிங் அடியில் 5 சென்டிமீட்டர் மட்டும் தைக்காமல் விடுங்க.

வளைவுகளில் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டு கொடுங்க, தையலைத் தொடாமல். கால்களுக்கு நடுவே ஒன்று அவசியம். விட்ட இடைவெளி வழியாகத் திருப்பி, தும்பிக்கையிலும் காலிலும் கொஞ்சம் பஞ்சு அடைத்து, இடைவெளியைக் கையால் மூடித் தைத்துவிடுங்க. யானை கஷ்டமாகத் தோன்றினால் மாங்காயில் தொடங்குங்க. காலும் இல்லை, காதும் இல்லை, ஒரு வளைவுதான்.

முதல் யானை கோணலாக வரும். ஒரு காது மேலே, ஒரு காது கீழே போகும். பரவாயில்லை, பிரிச்சுட்டு மறுபடி தையுங்க. மார்கரெட்டும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

அப்புறம், மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் உயரம் சரியில்லை, வெளிச்சம் பின்னால் விழுது, கை எட்டலை என்று தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு குனியாதீங்க. ஸ்டூலை மாற்றுங்க, மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளுங்க. தேவைப்பட்டால் மிஷினையே திருப்பிப் போடுங்க. உங்கள் வீட்டில், உங்கள் மிஷின். வார விடுமுறையில் ஒரு மணி நேரமாவது அது உங்கள் கைக்கு ஏற்றபடி ஓடட்டும்.